சாமான் சாமானாகச் சேர்ந்த வீடு

கொழும்பிலிருந்து சிலாபம் வழியாகப் புத்தளம் போகிறவர்கள் நகரத்தை எட்டுவதற்குச் சற்று முன்னர் பாலாவிச் சந்தியைக் காண்பார்கள். நேரே போனால் புத்தளம். இடப்பக்கம் திரும்பினால் கற்பிட்டி. நீங்கள் எப்போதாவது கற்பிட்டி பஸ்ஸில் ஏறினால் வலப்பக்கத்து யன்னலோரம் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் உப்பளங்கள் வரும். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், கரையில் கிடுகு போட்டு மூடிய உப்புக் குவியல்கள். அதைத் தாண்டினால் புத்தளம் கடலேரி, ஓரத்தில் யாருக்கும் சொந்தமில்லாதவை போல் நிற்கும் கழுதைகள். இடப்பக்கத்துக்காரர்களுக்கும் பார்க்க இருக்கிறது. தென்னந்தோட்டங்கள், சின்ன வெங்காயப் பாத்திகள், காற்றாலைகள், 2011இல் இயங்கத் தொடங்கிய நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கி. பாதையின் இரு மருங்கிலும் மணல். அந்த மணலின் நடுவே, 1990க்கு முன் இல்லாத எத்தனையோ குடியிருப்புகள்.

அப்படியொரு குடியிருப்பில் இருக்கிற ஒரு ராத்தாவின் வீட்டுக்கு நான் போனது அவருடைய வீட்டைப் பார்க்க அல்ல. என் மகளின் கல்யாணத்துக்கு அழைப்புச் சொல்லத்தான் போனேன். உம்மா வழியில் தூரத்து உறவு. என் கைப்பையில் அழைப்பிதழோடு இன்னொரு தாளும் இருந்தது. மகள் குடிபோகப் போகும் வாடகை வீட்டுக்கு வாங்க வேண்டிய சாமான்களின் லிஸ்ட், ஒரு தளபாடக் கடையில் எழுதித் தந்த விலைகளோடு. சோபா செட், கண்ணாடி போட்ட ஷோகேஸ், மூன்று கதவு அலுமாரி, ஆறு கதிரையோடு சாப்பாட்டு மேசை. எல்லாம் ஒரே நாளில் வந்து இறங்க வேண்டும் என்பது மகளின் ஆசை. மாப்பிள்ளை வீட்டார் முதல் தடவை வரும்போது வீடு வெறுமையாக இருக்கக்கூடாதாம். தவணைக்கு எடுக்கலாம் என்று கடைக்காரர் சொன்னார். தவணை என்றால் மேலே என்ன சேரும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் எனக்கும் மகளுக்கும் ஒரு வாரமாகப் பேச்சு சரியில்லை. இந்தக் கதையை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தத் தாள் பையில் இருந்ததால்தான் ராத்தாவின் வீட்டை நான் அப்படிக் கவனித்துப் பார்த்தேன்.

விறாந்தையில் ஒரு வாங்கு. நீளம் ஏழடி இருக்கும். இருந்து பார்த்தால்தான் தெரிகிறது, பலகை நேராக இல்லை, நடுவில் மெல்ல வளைந்திருக்கிறது. ஓரங்களில் சின்னச் சின்ன ஓட்டைகள், மரமுளை வைத்து அடைத்தவை. "அது வள்ளத்துப் பலகை" என்றார் ராத்தா. இந்தக் கரையில் பைபர் படகுகள் பெருகியபோது பழைய மர வள்ளங்கள் கரையில் ஏற்றப்பட்டு அப்படியே கிடந்தனவாம். விறகுக்கு வெட்டப்போன ஒன்றிலிருந்து இரண்டு பலகை கேட்டு வாங்கியிருக்கிறார். வருஷக்கணக்காக உப்புத் தண்ணீரில் ஊறிக் காய்ந்த மரம். இதுவரை அதில் பூச்சியே வைக்கவில்லை என்றார்.

உள்ளே போனால், நீங்கள் ஒரு கடையிலும் பார்த்திராத சாமான்கள். சுவரோடு இரண்டு தேயிலைப் பெட்டிகள், ஒன்றின் மேல் ஒன்று. ஓரங்களில் தகரப்பட்டை அடித்த அந்தப் பலகைப் பெட்டிகளை உங்களில் வயது வந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இப்போது தேயிலை கடதாசிச் சாக்குகளில் போகிறது, அந்தப் பெட்டி அருமையாகிவிட்டது. முன்பக்கத்துக்கு ஒரு துணித்திரை. அதற்குள் பேரப்பிள்ளைகளின் உடுப்புகள். பால்மா டின்களில் கற்றாழையும் குரோட்டன் கன்றுகளும். நிலத்தில் மிதியடி, தையல் துண்டுகளைப் பின்னிச் செய்தது. பழைய சைக்கிள் றிம் ஒன்றில் துணி சுற்றி நடுவில் கண்ணாடி வைத்து முகம் பார்க்கும் கண்ணாடியாக மாட்டியிருக்கிறார். இது எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை, சொல்லிவிடுகிறேன். ஆனால் மருமகன் செய்து கொடுத்தது, அதைக் கழற்ற அவர் விடமாட்டார்.

நடுவில் ஒரு மேசை. அதைப் பற்றித்தான் பிறகு சொல்ல வேண்டும்.

ராத்தா யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்தவர். கணவர் நகரத்தில் தையற்கடை வைத்திருந்தார். 1990 ஒக்டோபர் 30ஆந் திகதி காலை, ஒலிபெருக்கியில் அறிவித்து ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு வரச் சொன்னார்கள் விடுதலைப் புலிகள். இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற வேண்டும் என்றார்கள். அந்த ஒக்டோபரில் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் 70,000 பேருக்கு மேல். இதெல்லாம் நீங்கள் அறிந்தது. ஆனால் ஒரு வீட்டுக்காரியாக நின்று அந்த இரண்டு மணித்தியாலத்தை யோசித்துப் பாருங்கள். "நான் அடுப்பை அணைச்சனா எண்டு வவுனியா வந்து சேருமட்டும் யோசிச்சுக்கொண்டு வந்தன்" என்றார் ராத்தா. வீட்டில் பெட்டகம் இருந்தது, உம்மும்மாவின் காலத்துக் கட்டில் இருந்தது, கல்யாணத்துக்குச் செய்த வேப்பமர அலுமாரி இருந்தது. அதையெல்லாம் நினைக்க நேரமில்லை. அடுப்பைத்தான் நினைத்திருக்கிறார்.

முதல் வருஷங்கள் கிடுகுக் கொட்டில், மழைக்குப் படங்கு. புத்தளத்து மக்கள் பாய் கொடுத்தார்கள், சட்டி பானை கொடுத்தார்கள், சோறு ஆக்கிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பின்னாளில் வேலைக்கும் கிணற்றுத் தண்ணீருக்கும் பள்ளிக்கூட இடத்துக்கும் இரு பக்கத்தாருக்கும் மனக்கசப்புகள் வந்ததும் உண்மைதான். இரண்டையும் ராத்தா ஒரே மூச்சில் சொன்னார்.

தேயிலைப் பெட்டி அந்தக் காலத்தில் வந்தது. நிவாரணச் சாமான் ஏதோ அதில் வந்து, வெறும் பெட்டி மிஞ்சியிருக்கிறது. பகலில் அது மேசை, இரவில் பிள்ளைகளின் புத்தகங்களுக்கு மூடி போட்ட பெட்டி, மழை பெய்தால் அரிசிப் பையை மேலே தூக்கி வைக்கும் திண்ணை. வேறு ஒன்றும் வாங்கவில்லை. வாங்கக் காசு இல்லை என்பது ஒரு காரணம். மற்றக் காரணத்தை அவர் சொன்னபோது நான் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டேன்.

"இண்டைக்கோ நாளைக்கோ போறதுதானே, அலுமாரி என்னத்துக்கு எண்டுவார் அவர். ஒரு ஆணி அடிக்கவும் விடமாட்டார். ஆணி அடிச்சா இஞ்சயே இருக்கிறதெண்டு ஆகிப்போயிடுமாம்."

கணவர் வேறொருவரின் கடையில் கூலிக்குத் தைத்து, சேமித்து, பழைய கால் மெசின் ஒன்று வாங்கினார். அது தொழில், அதனால் பரவாயில்லை. ஆனால் கதிரை கூடாது, கட்டில் கூடாது, பூக்கன்று கூடாது. ஏழு வருஷம் அந்த வீட்டில் சட்டையைக் கொழுவ ஓர் ஆணி இல்லாமல் கயிற்றில் போட்டுக்கொண்டு வாழ்ந்திருக்கிறார்கள். இதை உறுதி என்பதா பிடிவாதம் என்பதா என்று எனக்குத் தெரியவில்லை. கணவரைக் குறை சொல்ல ராத்தா விடவும் இல்லை.

1997இல் மூத்த மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். வருகிறவர்களை எங்கே இருத்துவது? பக்கத்து வீடுகளில் கதிரைகள் இரவல் வாங்கினார்கள். ஐந்து கதிரை, ஐந்தும் ஐந்து விதம். வந்தவர்கள் போனபிறகு கதிரைகளைத் திருப்பிக் கொடுக்கப் போன சின்ன மகன் வழியில் ஒன்றைப் போட்டு உடைத்துவிட்டான். அடுத்த கிழமைதான் அந்த வள்ளத்துப் பலகை வீட்டுக்கு வந்தது. கணவரே தூக்கிக்கொண்டு வந்தாராம். "வாங்குதானே, கழட்டிக் கொண்டு போகலாம்" என்றாராம்.

அதற்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தது. வருஷத்துக்கு ஒன்று, சில வருஷம் ஒன்றுமில்லை. கடையை மூடிவிட்டுப் போன ஒருவரிடம் வாங்கிய கண்ணாடி அலுமாரியில் கண்ணாடியை எடுத்துவிட்டு வலை அடித்தார், அது இப்போது குசினியில் கறிச்சட்டி வைக்கும் இறாக்கை. லாச்சி மட்டும் தனியே கிடைத்தது ஒரு முறை, மேசை இல்லாமல். அதைச் சுவரில் பக்கவாட்டாக மாட்டி மருந்துப் பெட்டியாக்கினார். இடையில் ஒரு வேடிக்கையைச் சொல்கிறேன். கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு, யன்னல், சாவி — எல்லாம் போர்த்துக்கீசர் விட்டுப்போன சொற்கள். லாச்சி ஒல்லாந்தர் விட்டுப்போனது. எங்கள் வீட்டுப் பேச்சே பழைய சாமான்களைத் திருத்தி எடுத்து வைத்த வீடு மாதிரித்தான்.

பழைய மரத்தை எப்படித் திருத்துகிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டேன், உங்களுக்கும் உதவும். முதலில், வாங்கிய சாமானை நேரே வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. இரண்டு மூன்று நாள் வெளியே, நிழலில், காற்றாட வைக்க வேண்டும். உச்சி வெயிலில் போட்டால் மரம் வெடிக்கும். மாத்தூள் கொட்டுகிறதா என்று பாருங்கள். கொட்டினால் உள்ளே பூச்சி இருக்கிறது. கோழி இறகால் ஓட்டை ஓட்டையாக மண்ணெண்ணெய் விட்டு, அடுப்புப் பக்கம் கொண்டுபோகாமல் மணம் போகும்வரை வெளியே வையுங்கள். பிறகு அரத்தாளால் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் கீறல் நிற்கும். பளபளப்புக்குத் தேங்காயெண்ணெய் பூசுவார்கள் சிலர். அது காயாது, பிசுபிசுத்துத் தூசி பிடிக்கும். ஹாட்வெயார் கடையில் லின்சீட் ஒயில் கேட்டு வாங்கி மெல்லிதாகப் பூசித் துடையுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள், அது சூடேறித் தானாகத் தீப்பற்றக்கூடும். வெளியே விரித்துக் காயவிட்ட பின்னரே எறிய வேண்டும்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. இரும்பாணி உப்புக்காற்றில் துருப்பிடித்து ஊதி மரத்தையே பிளந்துவிடும். பித்தளைத் திருகாணி விலைதான், ஆனாலும் அதுதான் நிற்கும். இல்லாவிட்டால் வள்ளக்காரர் செய்தது போல மரமுளை.

இனி மேசைக்கு வருகிறேன்.

2002இல் யுத்தநிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்தபோது ராத்தாவும் கணவரும் பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு சோனகத் தெருவுக்குப் போனார்கள். வீட்டுச் சாவி அவரிடம் இருந்தது. ஆனால் சாவி போட ஒரு கதவு அங்கே இல்லை. கூரை இல்லை, நிலை இல்லை. குசினி இருந்த இடத்தில் வேம்பு ஒன்று கூரை உயரத்துக்கு வளர்ந்து நின்றது. சுவரில் விளக்கு வைக்கும் மாடம் மட்டும் அப்படியே இருந்தது. அடுப்படியைப் பார்த்தீர்களா என்று நான் கேட்கவில்லை. பற்றைக்குள் காலில் ஒரு பலகை தட்டுப்பட்டது. இழுத்துப் பார்த்தால், தெருப்பக்கத்து அறை யன்னலின் ஒரு கதவு. பச்சைப் பெயின்ற். தான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வாப்பா பூசியது என்று ராத்தா சொல்கிறார். இரட்டைக் கதவில் மற்றது இல்லை.

அதைப் பழைய துணியில் சுற்றி, வான் தட்டில் கட்டி, புத்தளத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஊருக்குப் போனால் அங்கிருந்து சாமான் கொண்டுவருவார்கள். இவர்கள் கொண்டுவந்தது இதைத்தான்.

மூன்று வருஷம் அது சுவரில் சாய்ந்தபடி நின்றது. 2005இல் கணவர் மௌத்தானார். மகன் மின்சார மெசின் வாங்கியிருந்ததால் கால் மெசின் ஓடவில்லை. தலையைக் கழற்றி விற்றார்கள். இரும்புக்கால் மட்டும் மிஞ்சியது, மிதிக்கும் பலகையும் சக்கரமும் சேர்ந்து. பழைய இரும்புக்கு எடுக்க ஆள் வந்தபோது ராத்தா கொடுக்கவில்லை. யன்னல் கதவைக் கொண்டுவந்து அதன் மேலே படுக்க வைத்துப் பார்த்தார். ஏறக்குறைய அளவாக இருந்தது.

அதுதான் மேசை. சோனகத் தெரு யன்னல் மேலே, புத்தளத்தில் உழைத்த மெசின் கீழே. பெயின்றைச் சுரண்ட வேண்டாம் என்று அவர் விட்டது நல்லதாகப் போயிற்று. அந்தக் காலத்துப் பெயின்றுகளில் ஈயம் இருந்தது, அதைச் சுரண்டினால் வரும் தூள் பிள்ளைகளுக்கு ஆகாது. பேத்தி அதில் வைத்துத்தான் எழுதுகிறாள் என்பதால் மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்கள். கண்ணாடிக்குக் கீழே பேத்தியின் பாடசாலை நேர அட்டவணை. பிள்ளை எழுதும்போது கால் தன்பாட்டில் மிதிபலகையை ஆட்டுகிறது, சக்கரம் சும்மா சுற்றுகிறது. அந்தச் சத்தம் கேட்டால் தனக்கு நித்திரை வரும் என்றார் ராத்தா.

இப்போது இருக்கும் கல்வீடு பிறகு வந்தது. உலக வங்கியின் உதவியோடு 2007இல் தொடங்கிய புத்தளம் வீடமைப்புத் திட்டத்தில் பலருக்குக் கிடைத்தது போல அவருக்கும் கிடைத்தது. வேலை நடக்க நடக்கப் பகுதி பகுதியாகக் காசு வரும், கட்டுவது வீட்டுக்காரரின் பொறுப்பு. சீமெந்துச் சுவர் எழும்பியதும் ராத்தா முதலில் செய்தது என்ன தெரியுமா? தானே ஓர் ஆணி அடித்து, கணவரின் தையல் நாடாவை அதில் தொங்கவிட்டார். இன்றும் அங்கேதான் தொங்குகிறது.

2009இல் யுத்தம் முடிந்தது. அடுத்த வருஷங்களில் சிலர் திரும்பிப் போனார்கள், பலர் இங்கும் அங்குமாக இரண்டு பக்கமும் கால் வைத்திருக்கிறார்கள். ராத்தாவின் மகன் 2012இல் போய் அங்கே தையற்கடை திறந்தார். சோனகத் தெரு வீட்டில் இரண்டு அறைக்குக் கூரை போட்டார்கள். உள்ளே நாலு பிளாஸ்டிக் கதிரையும் ஒரு கட்டிலும். அங்கேயும் சாமான் ஒவ்வொன்றாகச் சேர வேண்டும், மறுபடியும் முதலிலிருந்து. தெருப்பக்க யன்னலுக்கு மட்டும் கதவு போடாமல் பலகை அடித்து வைத்திருக்கிறார்கள், பல வருஷமாக. பழைய கதவை அனுப்பினால் ஒன்றுதான் புதிதாகச் செய்ய வேண்டும் என்பது மகனின் கணக்கு. அது அந்த வீட்டுச் சாமான்தானே, அங்கேதானே போக வேண்டும் என்று மகன் கேட்கிறார். அது நியாயமான கேள்வி. இங்கே மகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். பேத்திக்கு அடுத்த வருஷம் சோதனை.

நான் இருந்த அன்று மாலை மகன் ஃபோன் எடுத்தார். சனிக்கிழமை தச்சர் வருகிறார், யன்னல் வேலையை இந்த முறை முடித்துவிட வேண்டும், கதவை லொறியில் போடுகிறீர்களா இல்லையா என்று கேட்டார். ராத்தா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்துபோய் ஆணியிலிருந்து தையல் நாடாவை எடுத்தார். பேத்தியைக் கொப்பிகளை எடுக்கச் சொல்லிவிட்டு நீளம், அகலம், கனம் மூன்றையும் அளந்தார். நான் எழுதினேன், அவர் ஃபோனில் சொன்னார்.

"ரெண்டு கதவும் புதுசாச் செய்யச் சொல்லு. வேப்பம் பலகையில. பச்சைப் பெயின்ற் பூசு."

மறுபக்கம் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. "அது இஞ்ச கிடக்கட்டும்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். வைத்த பிறகு அழுதார். பேத்தி பார்த்துக்கொண்டு நின்றாள். நாங்கள் இருவரும் ஒன்றும் பேசாமல் மேசையைத் துடைத்துக் கொப்பிகளைத் திரும்ப வைத்தோம்.

அதற்குப் பிறகுதான் நான் பையைத் திறந்து மகளின் லிஸ்டைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரை வாசித்தார். குறை சொல்வார் என்று நினைத்தேன். "அலுமாரி தேவைதான். கல்யாணப் பிள்ளைக்கு உடுப்பு வைக்க இடம் வேணும். மற்றது பிறகு பாக்கலாம்" என்றார். ஷோகேஸில் என்ன வைக்கப் போகிறாள் என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பிளாஸ்டிக் பூ வைப்பாள் என்று நினைக்கிறேன்.

புறப்படும்போது மேலிருந்த தேயிலைப் பெட்டியிலிருந்து உடுப்புகளை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு, பெட்டியை என் கையில் தந்தார். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். "முதல் வீட்டுக்கு இது நல்லது, பாரம் இல்ல" என்றார். கற்பிட்டி பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு பாலாவிக்கு வந்தேன். கொழும்பு பஸ்ஸில் கொண்டக்டர் பெட்டிக்கு அரை டிக்கட் கேட்டார், கொடுத்தேன்.

மகள் அதைப் பார்த்து முதலில் முகத்தைச் சுளித்தாள். இரண்டு நாள் விறாந்தையில் கிடந்தது. மூன்றாம் நாள், இதற்குத் திரை போட என்ன நிறத் துணி நல்லது என்று கேட்டாள். லிஸ்டில் அலுமாரியை வைத்துக்கொண்டோம், கைக்காசு கொடுத்து வாங்கலாம். ஷோகேஸை அவளே வெட்டிவிட்டாள். சோபா செட்டைப் பற்றி இன்னும் பேச்சு முடியவில்லை.